வீட்டுக் கோழிகளுக்கு எந்த வேலி? கீரி முதல் பருந்து வரை ஒரு முழு வழிகாட்டி

அருப்புக்கோட்டைப் பக்கம் எங்கள் வீட்டுக்குப் பின்னால் முதன்முதலில் கோழிக்கு வேலி போட்டபோது, 5 அடி உயரச் செயின்லிங்க் வலையை, அதாவது சாய்சதுரக் கண்ணோடு பின்னிய கம்பி வலையை, நாலு பக்கமும் இழுத்துக் கட்டினோம். நாய் தாண்டாது, ஆடு நுழையாது, பார்க்கவும் பலமாக இருந்தது. அது பங்குனி மாதம். பத்து நாள் கூட ஆகவில்லை, ஒரு மத்தியானம் கோழிகள் கத்துகிற சத்தம் கேட்டு ஓடினேன். இரண்டு விடைக்கோழிகள் கழுத்தில் கடிபட்டுக் கிடந்தன, நாலு குஞ்சுகளைக் காணவில்லை. வேலியைச் சுற்றி வந்து பார்த்தால் எங்குமே கிழியவில்லை. அப்பத்தா வந்து குனிந்து பார்த்துத்தான் இடத்தைக் காட்டினார். கரிசல் மண் வெயிலில் வெடித்து, வலையின் அடிக்கம்பிக்கும் தரைக்கும் நடுவே மூன்று விரல் அகலத்துக்குப் பள்ளம் விழுந்திருந்தது. அந்தக் கம்பி முனையில் நாலைந்து முடி சிக்கியிருந்தது. ஒவ்வொரு முடியிலும் கறுப்பும் வெள்ளையும் மாறி மாறிப் பட்டை. கீரி.

"ஓட்டைய அடைக்காம வேலிய ஒசத்தி என்னடா பண்ண?" என்று அப்பத்தா கேட்டார். அதற்கு அப்புறம் நான் வேலியை உயரத்தை வைத்துப் பார்ப்பதில்லை. வருகிற விலங்கு எது, எந்த நேரத்தில் வருகிறது, எவ்வளவு சின்ன சந்து அதற்குப் போதும், இந்த மூன்றையும் தெரிந்துகொண்டால் எந்த வலை வேண்டும் என்பது தானே தெளிந்துவிடும். பத்துப் பதினைந்து நாட்டுக்கோழி வளர்க்கிற வீட்டுக்கான வழிமுறையைக் கீழே வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: வருவது யார் என்று கண்டுபிடியுங்கள்

வலைக்கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு வாரம் இதற்குச் செலவிடுங்கள். கோழி ஏற்கெனவே போயிருந்தால், போன விதமே பாதி சொல்லிவிடும்.

பட்டப்பகலில், கழுத்திலோ தலையிலோ கடிபட்டு, ஒன்றுக்கு மேற்பட்ட கோழி செத்துக் கிடந்தால் முதலில் கீரியைச் சந்தேகப்படுங்கள். பகலில் நடமாடுகிற விலங்கு அது, தரையோடு தரையாக வரும், மண்ணைப் பறிக்கும், இரண்டு அங்குலச் சந்து கிடைத்தால் உடம்பை ஒடுக்கி நுழைந்துவிடும். இறகு நாலாபக்கமும் சிதறி, கோழிகள் குதறப்பட்டு, தின்னாமலே போட்டுப் போயிருந்தால் அது தெருநாய். நாய்க்கு அது வேட்டையை விட விளையாட்டு, அதனால் ஒரே தடவையில் பட்டியையே காலி செய்துவிடும். ராத்திரியில் ஒரு கோழி மட்டும் காணாமல் போய், ஓட்டுக்கூரையில் ஒரு ஓடு விலகியிருந்தால் மரநாய். மரம், சுவர், கூரை எல்லாம் அதற்குப் பாதைதான். தென்னை, பனை, பழைய ஓட்டு வீடு பக்கத்தில் இருந்தால் அது இருக்க வாய்ப்பு அதிகம். விடியலிலோ மசங்கலிலோ முழுக் கோழியும் மறைந்து, கொஞ்சம் இறகு மட்டும் வேலியோரம் கிடந்தால் காட்டுப்பூனை. கண்மாய்க் கரையோரம், நாணல் புதர், கரும்புத் தோட்டம் இருக்கிற ஊர்களில் இதன் தொல்லை அதிகம்.

முட்டை ஓடு கூட மிச்சமில்லாமல் போனால் பாம்பு. குஞ்சு செத்துக் கிடந்து, அதன் தலையும் கழுத்தும் மட்டும் ஈரமாக, இறகு ஒட்டிப்போய் இருந்தால், பாம்பு விழுங்கப் பார்த்துவிட்டு விட்டிருக்கிறது என்று அர்த்தம். உடைந்த ஓடும், கூட்டுக்குப் பக்கத்தில் புதிதாகத் தோண்டிய மண்ணும் இருந்தால் பெருச்சாளி. உடும்பும் முட்டைக்கு வரும். பகலில் குஞ்சுகள் ஒவ்வொன்றாகக் குறைந்து, தரையில் எந்தத் தடயமும் இல்லாவிட்டால் வானத்தைப் பாருங்கள். பருந்து, வல்லூறு, காகம் மூன்றுமே குஞ்சைத் தூக்கும். நான் பார்த்தவரை பருந்தை விடக் காகம்தான் அதிகம் கொண்டுபோகிறது. ஆனால் பழி பருந்துக்குத்தான்.

இன்னும் போகவில்லை, முன்னெச்சரிக்கையாக வேலி போடுகிறீர்கள் என்றால் சாம்பலை வைத்துப் பாருங்கள். அடுப்புச் சாம்பலைச் சலித்து, கூட்டைச் சுற்றி இரண்டு அடி அகலத்துக்கு மெல்லிசாகத் தூவி, சாயங்காலம் தரையைச் சமன் செய்துவிடுங்கள். காலையில் தடம் பேசும். நாய்க்கு நாலு விரல், நகம் பதியும். பூனைக்கும் நாலு விரல், ஆனால் நகத்தை உள்ளிழுத்து நடப்பதால் நகக்குறி இருக்காது. கீரிக்கும் மரநாய்க்கும் ஐந்து விரல். நடுவில் வால் இழுத்த கோடும் இரண்டு பக்கமும் கால்தடமும் இருந்தால் உடும்பு. பகலிலும் ஒரு தடவை இதைச் செய்து பாருங்கள், கீரி பகலில்தான் மாட்டும்.

படி 2: இரவு வேலி வேறு, பகல் வேலி வேறு

பலரும் தவறுவது இங்கேதான். இருக்கிற பணம் முழுவதையும் பெரிய இடத்தை வளைக்கச் செலவழித்துவிட்டு, ராத்திரி கோழிகளை முருங்கை மரத்திலோ திறந்த கொட்டகையிலோ அடைய விட்டுவிடுகிறார்கள். நாட்டுக்கோழிக்கு இருட்டினால் கண் சரியாகத் தெரியாது. அடைந்த இடத்தில் கல்லாக உட்கார்ந்திருக்கும், பிடித்துத் தின்ன எந்த விலங்குக்கும் சிரமமே இல்லை.

எனவே முதல் செலவு இரவுக் கூண்டுக்கு. நாலுக்கு ஐந்து அடியில் ஒரு கூண்டு பத்துக் கோழிக்குத் தாராளம். அதை எல்லாப் பக்கமும், மேலும் கீழும், அரை அங்குலக் கண் உள்ள வலையாலோ பலகையாலோ முழுசாக மூடுங்கள். பகல் பட்டி இரண்டாவது. கோழிகள் விழித்திருக்கிற நேரம், வீட்டு ஆளும் நடமாடுகிற நேரம் என்பதால் அங்கே நாய், கீரி, காகம், பருந்து மட்டும் வராமல் பார்த்துக்கொண்டால் போதும். ஒரு கோழிக்கு 10 சதுர அடி என்று கணக்கு வைத்தால், பத்துக் கோழிக்குப் பத்துக்குப் பன்னிரண்டு அடி நல்ல அளவு.

கையில் காசு குறைவாக இருந்தால் இரவுக் கூண்டை மட்டும் ஒழுங்காகச் செய்துவிட்டு, தாயையும் குஞ்சையும் பகலில் பஞ்சாரத்தில் கவிழ்த்து வையுங்கள். மூங்கில் பஞ்சாரம் சும்மா வந்த பழக்கம் இல்லை. காற்று வரும், காகம் வராது, மேலே ஒரு கல்லை வைத்தால் நாயும் புரட்டாது. பாம்புக்கு மட்டும் அது தடையில்லை.

படி 3: வலையைத் தேர்ந்தெடுங்கள்

கடையில் மூன்று வகை காட்டுவார்கள்.

ஒன்று, அறுகோணக் கண் உள்ள மெல்லிய கோழிவலை. பெயரைப் பார்த்து வாங்கிவிடாதீர்கள். கோழியை உள்ளே நிறுத்த அது போதும், வெளியே இருப்பதை நிறுத்தாது. கம்பி 22 கேஜ் (கேஜ் என்பது கம்பித் தடிமனின் அளவு) மாதிரி மெல்லிசாக இருக்கும், முறுக்கிப் பின்னியதுதான், பற்றவைத்தது இல்லை. நாய் இரண்டு தடவை முன்னங்காலால் இழுத்தால் கண் பெரிதாகிவிடும். ஒரு வருஷத்தில் மண்ணைத் தொடுகிற இடம் துருப்பிடித்துக் கையில் உதிரும். பட்டிக்குள்ளே குஞ்சுகளைத் தனியாகப் பிரித்து வைக்க மட்டும் பயன்படுத்துங்கள்.

இரண்டு, செயின்லிங்க். 2 அங்குலக் கண், 10 அல்லது 12 கேஜ் கம்பி. நாய்க்கும் நரிக்கும் இதை விட்டால் வேறில்லை. ஆனால் குட்டிக் கீரி, பெருச்சாளி, பாம்பு எல்லாம் இதற்குள் தாராளமாகப் போய்வரும். பூனை கையை உள்ளே விட்டுக் குஞ்சை இழுத்துவிடும்.

மூன்று, வெல்டு மெஷ், அதாவது கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாகப் பற்றவைத்த சதுர வலை. அரை அங்குலக் கண்ணில், 18 முதல் 20 கேஜில் வாங்குங்கள். என் அனுபவத்தில் கோழிக்கு இதுதான் வலை. கோழிமுட்டையை விழுங்குகிற அளவுள்ள பாம்பு இதில் நுழையாது, பெருச்சாளி நுழையாது, பூனையின் கையும் நுழையாது. விலை கூடுதல்தான், அதனால் எல்லா இடத்துக்கும் போட வேண்டாம். இரவுக் கூண்டுக்கும், பட்டியின் அடிப்பகுதிக்கும் மட்டும் போடுங்கள். பட்டிப் பக்கங்களின் மேற்பகுதிக்குச் செயின்லிங்க்கோ, ஒரு அங்குல வெல்டு மெஷ்ஷோ போதும்.

கேஜ் விஷயத்தில் ஒன்றைக் கவனியுங்கள். எண் ஏற ஏறக் கம்பி மெலியும். 10 கேஜ் ஏறக்குறைய 3.2 மில்லிமீட்டர், 14 கேஜ் 2 மில்லிமீட்டர், 18 கேஜ் 1.2 மில்லிமீட்டர், 20 கேஜ் 0.9 மில்லிமீட்டர். நான் ஒரு கடையில் 18 என்று சொன்னதை நம்பி வாங்கி வந்து வீட்டில் அளந்தால் 22 கூட இல்லை. இப்போதெல்லாம் 18 கேஜ் கட்டுக்கம்பி ஒரு சாண் வெட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகிறேன். வலைக்கம்பிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கண்ணுக்கே தெரிந்துவிடும்.

துத்தநாக முலாம் பூசிய ஜி.ஐ. வலையாக இருக்க வேண்டும். அதிலும் பற்றவைத்த பிறகு முலாம் பூசியது நீடித்து உழைக்கும். சந்திப்புகளை விரலால் தடவிப் பாருங்கள். பற்றவைத்த புள்ளி கறுத்து எரிந்திருந்தால் முலாம் பூசிய கம்பியை அப்புறம் பற்றவைத்திருக்கிறார்கள், துரு அங்கேதான் ஆரம்பிக்கும். சந்திப்பிலும் முலாம் வழிந்து மூடியிருந்தால் தயங்காமல் வாங்கலாம்.

நைலான் வலையைத் தரையோடு கட்டாதீர்கள். பாம்பு தலையை விட்டு, செதில் சிக்கி, முன்னேயும் போக முடியாமல் பின்னேயும் வர முடியாமல் மாட்டிக்கொள்ளும். காலையில் சீறிக்கொண்டு கிடக்கிற நல்ல பாம்பை வெட்டி எடுப்பது யாருக்கும் வேண்டாத வேலை, பாம்புக்கும் கொடுமை.

படி 4: மண்ணுக்கு அடியில் போடுகிற வலை

என்னைக் கேட்டால் வேலியின் உயிர் இதில்தான். பறிக்கிற விலங்கு பெரும்பாலும் வேலியிலிருந்து நாலடி தள்ளி நின்று சுரங்கம் போடாது. வேலி வரை வந்து, மூக்கு முட்டுகிற இடத்தில்தான் பறிக்கும். அந்த இடத்தில் மண்ணுக்குக் கீழே வலை படுத்திருந்தால் நகம் கம்பியில் மாட்டும், விட்டுவிடும்.

4 அடி அகல அரை அங்குல வலையை எடுத்து நீளவாக்கில் எல் வடிவத்துக்கு மடியுங்கள். ஒன்றரை அடி தரையில் வெளிப்பக்கமாகப் படுக்க வேண்டும், மீதி இரண்டரை அடி மேலே ஏற வேண்டும். வேலிக் கோட்டுக்கு வெளியே ஒன்றரை அடி அகலத்துக்கு மூன்று அங்குல ஆழம் மண்ணை வெட்டி எடுத்து, வலையைப் படுக்க வைத்து, அடிக்கு ஒரு இடத்தில் வளைத்த கம்பியை ஆணியாக அடித்து, மண்ணைப் போட்டு மிதித்துவிடுங்கள். புல் முளைத்தால் வேர் வலையைப் பின்னிக்கொள்ளும், அப்புறம் இழுத்தாலும் வராது.

மூலைகளை மறக்காதீர்கள். இரண்டு பக்கத்து வலையும் வெளிப்பக்கம் மடியும்போது மூலையில் ஒரு சதுரம் வெறுமனே நிற்கும். அதற்கென ஒரு துண்டு வெட்டி, இரண்டு பக்கமும் அரை அடி ஏறுகிற மாதிரி வைத்துக் கட்டுங்கள்.

மண்ணைப் பொறுத்து மாற்றம் உண்டு. கரிசலில் வெடிப்புதான் பிரச்சினை, வலை படுத்திருக்கிற பட்டைக்கு மேல் சரளையைப் பரப்பிவிட்டால் வெடிப்பு விழுந்தாலும் வலை வாயைக் காட்டாது. செம்மண்ணில் பெருச்சாளி சுலபமாகப் பறிக்கும் என்பதால் கொஞ்சம் ஆழமாகவே புதையுங்கள். பாறைத் தரையில் தோண்டவே முடியாது என்றால் வலையைத் தரைமேல் விரித்து, இடைவெளியில்லாமல் கருங்கல்லை அடுக்குங்கள்.

படி 5: காலும் கட்டும்

பத்துக்குப் பன்னிரண்டு அடிப் பட்டிக்கு மூலைக்கு ஒன்றாக நாலு, ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவில் ஒன்றாக நாலு, கதவுக்குக் கூடுதலாக ஒன்று, ஆக ஒன்பது கால். 8 அடிக் காலை 2 அடி மண்ணில் இறக்கினால் மேலே 6 அடி நிற்கும், ஆள் நிமிர்ந்து நடக்கலாம். கல்லுக்கால் கிடைக்கிற ஊராக இருந்தால் அதுவே நல்லது, கறையானுக்கும் துருவுக்கும் பயமில்லை. சவுக்குக் கம்பு மலிவு, ஆனால் மண்ணுக்குள் போகிற பகுதி சீக்கிரம் உளுத்துவிடும்.

சுற்றளவு 44 அடி. மடிப்பும் மேற்பொருத்தலும் சேர்த்து, அடிவலை 15 மீட்டர் சுருள் ஒன்று சரியாக இருக்கும். மேல்வலை அடிவலையின் மேல் கால் அடியாவது ஏறி உட்கார வேண்டும், இரண்டையும் ஒவ்வொரு சாணுக்கும் கட்டுக்கம்பியால் தைத்துவிடுங்கள். மரக்காலில் யு ஆணி மட்டும் அடித்தால் நாய் தள்ளத் தள்ளப் பிடுங்கிக்கொண்டு வரும். வாஷர் வைத்து ஸ்க்ரூ முடுக்குங்கள்.

இரவுக் கூண்டைத் தரையிலிருந்து இரண்டரை அடி உயர்த்திக் கால் வைத்துக் கட்டுவது நல்லது. ஒவ்வொரு காலிலும் வழவழப்பான தகரத்தை ஒன்றரை அடி உயரத்துக்குச் சுற்றிவிட்டால் பெருச்சாளியும் பாம்பும் ஏறச் சிரமப்படும். கோழி அடைகிற கம்பைக் கூண்டின் நடுவில், வலையிலிருந்து ஒரு அடியாவது தள்ளி வையுங்கள். வலையோடு ஒட்டி அடைகிற கோழியை விலங்கு வெளியிலிருந்தே கடித்துக் காயப்படுத்திவிடலாம். பயந்து முழுக் கூண்டையும் பலகையால் அடைத்துவிடவும் கூடாது. நம் வெயிலுக்கு இரண்டு பக்கமாவது வலையாக இருந்தால்தான் காற்றோட்டம் வரும், எச்சத்தின் நெடி தங்காது.

படி 6: தலைக்கு மேல்

இரவில் கோழிகள் கூண்டுக்குள் இருப்பதால் பட்டியின் மேல்மூடிக்குக் கம்பி வலை அவசியமில்லை. 2 அங்குலக் கண் உள்ள நைலான் வலை போதும். கடலோரத்து ஆட்கள் பழைய மீன்வலையைப் பயன்படுத்துகிறார்கள், நன்றாகவே இருக்கிறது. நடுவில் ஒரு கயிற்றை உயர்த்திக் கட்டி, வலை இரண்டு பக்கமும் சரிகிற மாதிரி போடுங்கள். இல்லாவிட்டால் வேப்பஞ்சருகு சேர்ந்து, ஐப்பசி மழையில் நனைந்து, தொட்டில் மாதிரி தொங்கிவிடும். நைலான் வெயிலில் நைந்துபோகும், வருஷத்துக்கு ஒரு தடவை இழுத்துப் பார்த்து மாற்றுங்கள்.

மேல்மூடி போட முடியாதவர்கள் பட்டிக்குள் ஒரு பழைய கயிற்றுக் கட்டிலையாவது போடுங்கள். பருந்தைப் பார்த்ததும் தாய்க்கோழி தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் வானத்தை அளக்கும், அப்புறம் தொண்டைக்குள் நீளமாக ஒரு இழுவைச் சத்தம் கொடுக்கும். அடுத்த நொடி அத்தனை குஞ்சும் கட்டிலுக்கடியில் இருக்கும். ஒளிய ஒரு நிழல் இருந்தால் போதும் அதற்கு.

படி 7: கதவு

நல்ல வேலியிலும் பலவீனமான இடம் கதவின் அடிச்சந்துதான். கதவுக்கடியில் ஒரு கடப்பாக்கல்லைப் பதித்துவிடுங்கள், கதவுக்கும் கல்லுக்கும் நடுவே சுண்டுவிரல் நுழையக் கூடாது. கொண்டி மேலே ஒன்று, கீழே ஒன்று. மேலே மட்டும் இருந்தால் நாய் கீழ்மூலையைத் தள்ளி வளைத்து நுழையும். இரவுக் கூண்டை இருட்டுவதற்கு முன்பே, கோழியை எண்ணிப் பார்த்து மூடுங்கள்.

படி 8: வேலியைச் சுற்றி

வேலிக்கு வெளியே மூன்று அடிக்குப் புதர், விறகு, ஓட்டுக்குவியல் எதுவும் வேண்டாம். கிளுவை வேலியோ கருவேல முள் வேலியோ ஏற்கெனவே இருந்தால் இருக்கட்டும், மாடு வராமல் தடுக்கும். ஆனால் அதன் அடியில் கீரியும் பாம்பும் தங்கும் என்பதால் கோழிப் பட்டியின் வேலியை அதோடு ஒட்டிப் போடாதீர்கள். மிச்சத் தீவனத்தை ராத்திரி பட்டியில் விடாதீர்கள். தீவனத்துக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும். மரக்கிளை கூண்டின் மேல் சாய்ந்திருந்தால் வெட்டிவிடுங்கள், மரநாய்க்கு அதுதான் ஏணி.

வீட்டு மின்சாரத்தை வேலிக் கம்பியில் கொடுப்பதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். அது சட்டப்படி குற்றம், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் உயிரும் போகும். கண்ணி, சுருக்கு, விஷம் கலந்த தீனி இவையும் கூடாது. கீரி, மரநாய், காட்டுப்பூனை, உடும்பு, நல்ல பாம்பு, சாரை எல்லாமே 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. வயலில் எலியைக் குறைப்பதும் இவைதான். நமக்கு வேண்டியது கோழி பத்திரமாக இருப்பது, அதற்கு வலை போதும்.

படி 9: சோதித்துப் பாருங்கள்

வேலை முடிந்த அன்றைக்கு இருட்டியதும், கோழிகளை விடுவதற்கு முன், கூண்டுக்குள் ஒரு விளக்கை ஏற்றி வைத்துக் கதவை மூடிவிட்டு வெளியிலிருந்து சுற்றி வந்து பாருங்கள். பலகைச் சந்து, வலை சேராத மூலை, கதவு இடுக்கு எல்லாம் கீற்றுக் கீற்றாக வெளிச்சத்தில் தெரியும். எங்கள் கூண்டில் முதல் ராத்திரி ஏழு இடம் தெரிந்தது. அரை அங்குலத்துக்கு மேல் இருந்த மூன்றைத் தகரம் வைத்து அடைத்தோம்.

அப்புறம் பழையபடி சாம்பல். புது வேலியைச் சுற்றித் தூவி ஒரு வாரம் பாருங்கள். எங்கள் வீட்டில் மூன்றாம் நாள் சாயங்காலம் ஐந்து விரல் தடம் வடக்குப் பக்கம் முழுக்க ஓடியிருந்தது. மூலையில் நின்று, இரண்டு இடத்தில் பறித்துப் பார்த்திருக்கிறது. பறித்த குழியில் மூன்று அங்குல ஆழத்தில் வலைக்கம்பி பளபளவென்று தெரிந்தது. அங்கிருந்து தடம் திரும்பி ஓடைப் பக்கம் போயிருந்தது. அப்பத்தா அந்தக் குழியைக் காலால் மண் தள்ளி மூடி, மேலே ஒரு கல்லை வைத்துவிட்டு, கோழிகளை எண்ணப் போனார்.